தியோடர் சாரின் வேலைநிறுத்தம்

தியோடருக்கு வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. பாடத்தை ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி கேட்பான்.

"எங்க சர்ச்சுல தமிழ்ப் பூசைக்கு வந்து பாருங்க. ஆம்பளைங்க வலது பக்கம், பொம்பளைங்க இடது பக்கம். போர்டு கிடையாது. ஃபாதரும் சொல்றதில்ல. புதுசா வர்றவன்கூட கரெக்டா அவன் பக்கம் போய் உக்காந்துடறான். ஏன்?"

பிள்ளைகள் வெட்கம் என்பார்கள், பழக்கம் என்பார்கள், யாராவது ஒருவன் "அடி விழும் சார்" என்பான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவன் மெதுவாக விஷயத்துக்கு வருவான். சமூகவியலில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, நெடுநாளாக நடக்கும் ஒரு சண்டைதான் இருக்கிறது என்பான். சமூகம் நாம் பிறக்கும் முன்பே இருக்கிறது, நாம் செத்த பிறகும் இருக்கும், அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது, நாம் போய் உட்காருகிறோம் என்கிறது ஒரு கட்சி. சமூகம் என்று ஒருவரும் சர்ச்சுக்குள் நடந்து வருவதில்லை, வருவதெல்லாம் ஆட்கள்தான், அவரவர் என்ன நினைத்து அங்கே உட்கார்ந்தார் என்று கேட்டால்தான் விளங்கும் என்கிறது மறு கட்சி. இரண்டிலும் பாதிதான் உண்மை என்று சொன்னவர்கள் பிற்பாடு வந்தார்கள். வழக்கம் இருப்பதால் உட்காருகிறோம், உட்காருவதால் வழக்கம் இருக்கிறது, வாராவாரம் நாமே அதைத் திரும்பக் கட்டுகிறோம் என்றார்கள்.

"இந்த ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் அப்படி உக்காரலன்னா அந்த ரூல் எங்க இருக்கும்?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவான். வகுப்பு ஒரு நொடி அமைதியாகும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவன் அந்த வேலையில் இருந்தான் என்று சொன்னால் மிகையில்லை. பெங்களூர் அல்சூரில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி, கெஸ்ட் லெக்சரர் வேலை, வருடத்தில் இரண்டு மாதம் சம்பளமே வராது. ஆனாலும் அவன் அந்தப் படிகளில் ஏறும்போது நிமிர்ந்துதான் ஏறுவான். கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பம். அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்த கிளெமென்ட்டின் மகன் எம்.ஏ. படித்து லெக்சரர் ஆனதைத் தெருவே பேசியது.

சமூகவியல் எடுக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்தார்கள். ஒரு ஜூன் மாதம் கல்லூரி அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. பிரின்சிபல் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இது என் முடிவு இல்ல தியோடர். மார்க்கெட் அப்படி இருக்கு, நான் என்ன பண்ண முடியும்?" என்றார். பாவம், அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. தியோடர் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வேறு கல்லூரிகளில் ஏறி இறங்கினான். டாக்டர் பட்டம் இல்லை, வயதும் நாற்பதை நெருங்கிவிட்டது. அல்சூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அவனும் ஜூலியாவும் மகள் ஐரினும் அடுகோடியில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டுக்கு வந்தார்கள். ஜூலியா ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தாள். அவள் சம்பளத்தில் எத்தனை நாள் என்று இருவருக்கும் தெரியும். ஒரு நாள் காலையில் தியோடர் மளிகை டெலிவரி கம்பெனியின் டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். ஜூலியா பின்னால் வந்து காலரைச் சரிசெய்துவிட்டாள்.

ஹோசூர் ரோடு பக்கத்துத் தெரு ஒன்றில் கம்பெனியின் ஸ்டோர் இருந்தது. பார்த்தால் கடை போலிருக்கும். ஆனால் வாங்குகிறவர் யாரும் உள்ளே போக முடியாது. ஃபோனில் ஆர்டர் வரும், உள்ளே இருப்பவர்கள் சாமான்களைப் பையில் போட்டு ஜன்னலில் வைப்பார்கள், வெளியே காத்து நிற்கும் ரைடர்கள் எடுத்துக்கொண்டு பறக்க வேண்டும். ஒவ்வொரு ரைடருக்கும் ஒரு ஐடி. அதில் லாகின் செய்தால் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம். செய்யாவிட்டால் அவன் யாரோ.

அங்கேதான் ரவிக்குமார் பழக்கமானான். அடுகோடியிலேயே பிறந்தவன், அப்பா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து லேத் வேலைக்கு வந்தவர். ரவியும் லேத் ஓட்டியவன்தான், பட்டறை மூடியதும் இங்கே வந்திருந்தான். தியோடர் லெக்சரராக இருந்தவன் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, கேலியாக "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தான். சில வாரங்களில் கேலி போய்விட்டது, சார் மட்டும் நின்றுவிட்டது. ஸ்டோரில் எல்லோருக்கும் அவன் தியோடர் சார் ஆனான். கன்னடக்காரர்களும் அஸ்ஸாமிலிருந்து வந்தவர்களும்கூட அப்படியே கூப்பிட்டார்கள்.

"நீங்க காலேஜ்ல இன்னாதான் சார் சொல்லிக் குடுத்தீங்க?" என்று ஒரு நாள் டீக்கடையில் கேட்டான் ரவி. தியோடர் சர்ச் கதையைச் சொன்னான். ரவி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"செரி சார், நான் வந்து லேடீஸ் பக்கம் உக்காந்தா?"

"வெளிய அனுப்பிடுவாங்க."

"நூறு பேரு போய் உக்காந்தா?"

தியோடர் சிரித்துவிட்டான். இத்தனை வருட வகுப்பில் ஒரு மாணவனும் அதைக் கேட்டதில்லை. "அப்போ ஃபாதர்தான் யோசிக்கணும்" என்றான்.

ஆகஸ்டில் விடாமல் மழை பெய்தது. ஒரு மத்தியானம் ரவி ஓர் அபார்ட்மெண்டில் சாமான் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஹோசூர் ரோட்டில் பின்னால் வந்த தண்ணீர் லாரி பிரேக் பிடிக்காமல் அவனைத் தள்ளியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது. செய்தி கேட்டு தியோடர் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ரவியின் மனைவி விஜி, வேலை செய்துகொண்டிருந்த கார்மெண்ட்ஸ் கம்பெனியின் ஐடி கார்டு கழுத்தில் தொங்க, வராந்தாவில் நின்றிருந்தாள்.

"சார், இன்ஷூரன்ஸ் இருக்குதுன்னு சொல்லுவாரே. கம்பெனிக்கு ஃபோன் போடுங்க சார்" என்றாள்.

தியோடர் போட்டான். பல தடவை போட்டபின் ஒரு பெண் குரல் பேசியது. ரொம்பப் பணிவான குரல். விபத்து நடந்தபோது ரைடர் எந்த ஆர்டரிலும் இல்லை என்றாள். கடைசி ஆர்டர் கொடுத்தாயிற்று, அடுத்தது இன்னும் வரவில்லை. இடையில் இருக்கிற நேரத்துக்கு இன்ஷூரன்ஸ் செல்லாது.

"திரும்பி வந்தாதானேம்மா அடுத்த ஆர்டர் எடுக்க முடியும்? பறந்தா வர முடியும்?"

"புரியுது சார். ஆனா சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு. என்னால மாத்த முடியாது."

விஜி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு, "பேசிகிட்டிருக்காங்க" என்று பொய் சொன்னான்.

அன்றிலிருந்து தியோடர் வேறு ஆளாகிவிட்டான். ஸ்டோர் ஜன்னலில் நிற்கிறவர்கள், பெட்ரோல் பங்க்கில் நிற்கிறவர்கள், டீக்கடையில் குடையில்லாமல் நனைகிறவர்கள், ஒருவரையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் டீக்கடைக்குப் பின்னால் ராஜகால்வாய் என்கிற மழைநீர்க் கால்வாய் ஓரமாக எல்லோரையும் கூட்டினான். தமிழிலும் கன்னடத்திலும் தெரிந்த ஹிந்தியிலுமாகப் பேசினான்.

"கம்பெனி கம்பெனின்னு பயப்படறோமே, யாராவது பார்த்திருக்கீங்களா அதை? நான் பார்த்ததில்ல. பார்க்கிறது இந்த ஜன்னல், இந்த ஃபோன், அவ்வளவுதான். தினம் காலைல நாம லாகின் பண்றோம், அதனால அது இருக்கு. ஒரு சனி ஞாயிறு நாம ஒருத்தரும் பண்ணலன்னா அது எங்க இருக்கும்?"

சொல்லிவிட்டு நிறுத்தினான். பிறகு வெங்கி என்கிற ரைடர், பி.காம். பாதியில் விட்டவன், "நான் பண்ணல சார்" என்றான். பக்கத்தில் இருந்தவன் "நானூ இல்ல" என்று கன்னடம் கலந்து சொன்னான். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ரவியின் சிகிச்சைச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும், திரும்பி வரும் நேரத்துக்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஒருவரும் லாகின் செய்யவில்லை. ஸ்டோர் ஜன்னலில் பைகள் சேர்ந்துகொண்டே போயின, பிறகு சேர்வதும் நின்றது. சாயங்காலத்துக்குள், உங்கள் பகுதிக்கு இப்போது டெலிவரி இல்லை என்று வாடிக்கையாளர்களின் ஃபோனில் காட்டுவதாக வெங்கி ஓடிவந்து சொன்னான். டீம் லீடர் சேஷகிரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஃபோனைக் காதில் வைத்தபடி உள்ளேயும் வெளியேயும் நடந்தான். எதிர்ச்சாரியில் தங்கள் வண்டிகள் மேல் உட்கார்ந்து ரைடர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பிரியாணி வாங்கி வந்தார்கள். தியோடர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு ரவியிடம் பேசினான்.

"நூறு பேரு உக்காந்துட்டோம் ரவி."

வலி மருந்தில் குழறிய குரலில் ரவி, "நெசமாவா சார்?" என்றான். "ஃபாதர் யோசிக்கிறாரா?"

அன்று வீட்டுக்குப் போனபோது தியோடர் ஐரினைத் தூக்கிச் சுற்றினான். ஜூலியா அவனை வியப்பாகப் பார்த்தாள். கல்லூரி போனபிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஃபோன் அதிர்ந்தது. கம்பெனியிலிருந்து மெசேஜ். அவன் பெயரைச் சொல்லியே இருந்தது. அன்புள்ள தியோடர், உங்கள் கணக்கில் விதிமீறல் காணப்பட்டுள்ளது, இன்று மாலைக்குள் லாகின் செய்யாவிட்டால் உங்கள் ஐடி நிரந்தரமாக முடக்கப்படும்.

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். யாரோ பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கூட்டம் கூட்டியவன் அவன்தானே. குறி வைத்திருக்கிறார்கள். தன்னை மட்டும்.

ஜூலியா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"தியோ, லாகின் மட்டும் பண்ணிடு. ஆர்டர் எடுக்காதே. ஐடி உயிரோட இருக்கட்டும்."

"நான்தான் ஜூலி எல்லாரையும் பண்ணாதேன்னு சொன்னேன்."

"சொன்னே. இப்போ இந்த ஐடியும் போச்சுன்னா அப்புறம் என்ன? காலேஜ் போனப்போ எட்டு மாசம் நீ செவுத்தையே பார்த்துகிட்டு இருந்தே. என்னால அதை இன்னொரு தடவை பார்க்க முடியாது." அவள் ஃபோனை மேஜைமேல் வைத்தாள். "ரவிக்கு நான் ஜெபம் பண்றேன். நெசமாத்தான் சொல்றேன். ஆனா எனக்கு நீ வேணும்."

அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். மழை விட்டிருந்தது. கீழே பட்டறைகள் ஞாயிறு என்பதால் மூடிக்கிடந்தன. லாகின் பட்டனை அவன் விரல் தொட்டது. தொட்டபோது யாரும் முதுகில் கை வைத்துத் தள்ளவில்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. ஆர்டர் எடுக்கப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. ஓர் ஆர்டர் தானாகவே அவன் பெயரில் விழுந்திருந்தது. மறுத்தால் அதுவும் விதிமீறல். கம்பெனி டீ-ஷர்ட்டை மாட்டி, அதன் மேல் ஜெர்கினைப் போட்டுக் கழுத்துவரை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தான். ஒன்றே ஒன்று, யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

ஸ்டோருக்குப் பின்புறச் சந்து வழியாகப் போனான். ஜன்னல் பக்கம் திரும்பியதும் வண்டி தானாக நின்றதுபோல நின்றது.

ஜன்னலுக்கு முன்னால் வரிசை நின்றிருந்தது. வெங்கி நின்றான். அவனுக்கு முன்னால், அன்று டீக்கடைக்குப் பின்னால் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் நின்றார்கள். எல்லோரும் ஜெர்கினைக் கழுத்துவரை மூடியிருந்தார்கள். சிலர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வந்து, இவர்களைக் கண்டு தயங்கி, மெதுவாக வரிசையில் சேர்ந்தது.

வெங்கிதான் முதலில் திரும்பினான். "சார்..." என்றான். பிறகு ஃபோனை நீட்டினான். அன்புள்ள வெங்கடேஷ், உங்கள் கணக்கில் விதிமீறல் காணப்பட்டுள்ளது.

"எனக்கு மட்டும்தான் வந்துச்சுன்னு நெனச்சேன் சார்."

பக்கத்திலிருந்தவன் தன் ஃபோனைப் பார்த்தான். அவனுக்கு அடுத்தவனும் பார்த்தான். எல்லோருக்கும் வந்திருந்தது. அவரவர் பெயருடன், அதே வார்த்தைகளில். ஒவ்வொருவனும் தன்னை மட்டும் பிடித்துவிட்டார்கள் என்று பயந்து, தான் மட்டும் துரோகம் செய்கிறோம் என்று கூனிக்குறுகி, தனித்தனியாகச் சந்து சந்தாக வந்து சேர்ந்திருந்தான்.

தியோடருக்கு இப்போதாவது பேச வேண்டும் என்று தெரிந்தது. "எல்லாருக்கும் அனுப்பியிருக்கான்னா எல்லாரையும் பிளாக் பண்ண முடியாதுப்பா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னான். "வாங்க, இப்பவே போயிடலாம். இன்னும் நேரம் இருக்கு."

யாரோ ஒருவன் கால்களை மாற்றி வைத்தான். ஒரு கணம் எல்லாமே சரியாகிவிடும் போலிருந்தது. அப்போது ஜன்னலில் ஒரு பை வந்தது, உள்ளேயிருந்து நம்பரைக் கூப்பிட்டார்கள். வரிசையில் முதல் ஆள், இரண்டு குழந்தைக்காரன், பையைப் பார்த்தான், தியோடரைப் பார்த்தான், எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த பை வந்தது. அடுத்தவன் எடுத்தான். அப்படியே நகர்ந்தது. தியோடர் நகர்ந்தானா, வரிசை அவனை நகர்த்தியதா என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஜன்னல் வந்தது. சேஷகிரி உள்ளே நின்றிருந்தான். தூங்காத கண்கள். ஜெயித்தவன் முகமாக அது இல்லை. பையைத் தியோடர் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு கட்டுக் கொத்தமல்லி, ஒரு டப்பா ஐஸ்கிரீம், ஒரு பாக்கெட் சிப்ஸ். கோரமங்களாவில் ஓர் இளைஞன் கதவைத் திறந்து, ஃபோனில் பேசிக்கொண்டே வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தினான்.

அடுத்த நாள் ரவியின் காலை எடுத்தார்கள். தியோடருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிவில்லை. மூன்றாம் நாள் போனான். கட்டிலருகே நின்றான். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"ரவி, நானும் லாகின் பண்ணிட்டேன்."

"தெரியும் சார். வெங்கி வந்து சொன்னான்."

"திட்டுப்பா. ஏதாவது சொல்லு."

ரவி மேலே மின்விசிறியைப் பார்த்தான். "இன்னா சார் திட்டறது. நானா இருந்தாலும் பண்ணிதான் இருப்பேன். நம்ம நெலமை அப்படி."

தியோடர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வகுப்பில் அவனே எத்தனையோ முறை சொன்ன விஷயம்தான் அது. ஆனால் அங்கே அதைக் கேட்கத் தாங்கவில்லை. பிரின்சிபலிடம் மார்க்கெட் இருந்தது, அந்தப் பெண் குரலிடம் சிஸ்டம் இருந்தது, இப்போது அவனிடமும் நிலைமை என்று ஒன்று இருந்தது. ஒருவர் கையும் எதையும் செய்யவில்லை. ஆனால் ரவியின் கால் இல்லை.

அவனை அரித்தது வேறொன்று. மொட்டை மாடியில் நின்றபோது ஃபோன் கையில்தான் இருந்தது. அதே ஃபோனில் வெங்கியைக் கூப்பிட்டு, "எனக்கு இப்படி மெசேஜ் வந்திருக்கு, உனக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஒரு ஃபோனை எந்தக் கம்பெனியும் தடுக்கவில்லை. லாகின் செய்ததற்கு அவனுக்குக் காரணங்கள் இருந்தன. கூப்பிடாததற்கு ஒரு காரணமும் இல்லை. அது தோன்றவே இல்லை. வாழ்நாளெல்லாம் மனிதர்கள் சேர்ந்துதான் எதையும் செய்கிறார்கள் என்று சொல்லிக் கொடுத்தவனுக்கு, பயம் வந்த நேரத்தில், தான் ஒருவன் தனியாள் என்பதுதான் தோன்றியது.

இதை ஜூலியாவிடம் சொன்னான். சொல்லும்போது எப்படியோ, "நீதானே பண்ணச் சொன்னே" என்றும் வந்துவிட்டது.

அவள் அமைதியாக, "சொன்னேன். இல்லன்னு சொல்லல. ஆனா விரல் உன்னோடது தியோ" என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதாள்.

அந்த மாதம் முடியுமுன்பே ஒரு காலையில் அவன் ஐடி திறக்கவில்லை. முடக்கப்பட்டுள்ளது என்று மட்டும் காட்டியது. ஸ்டோருக்குப் போய் சேஷகிரியைக் கேட்டான். மற்ற யாருக்கும் ஆகவில்லை, அவனுக்கு மட்டும்தான்.

"யாருப்பா பண்ணினது? ஒரு பேரைச் சொல்லு. நான் போய் அந்த ஆளைப் பார்க்கணும். திட்டக்கூட மாட்டேன், பார்க்கணும், அவ்வளவுதான்."

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். ஆட்டோமேட்டிக்கா ஆயிருக்கு" என்றான் சேஷகிரி. "எனக்கும் மேல யாருன்னு தெரியாது. மெயில் வருது, செய்றேன். நாளைக்கு எனக்கும் இதான்."

தியோடர் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். வரிசையில் நின்றவர்கள் வந்து கையை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டவர்களில் வெங்கியும் ஒருவன்.

அதன்பிறகு வந்த வாரங்களைப் பற்றி ஜூலியா யாரிடமும் அதிகம் சொல்வதில்லை. அவன் சாப்பிடுவதை மறந்தான். சர்ச்சுக்கு வருவதை நிறுத்தினான். ஒரு சாயங்காலம் வீட்டில் காணவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் நிற்பதாகப் பழைய தெருக்காரர் ஒருவர் ஃபோன் செய்தார். ஜூலியா ஐரினையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனாள். வேலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தான். எதற்கு இங்கே வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. ஐரினின் கையை எடுத்து அவன் கையில் வைத்தாள். குழந்தைக்குப் பசி என்றாள். மூவரும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு அவனைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் தூங்க ஆரம்பித்தான்.

நவம்பரில் ஒரு நாள் விஜி வந்தாள். படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்கும்வரை வாசலிலேயே நின்றாள். கையில் கம்பெனியின் புது டீ-ஷர்ட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"அண்ணா, எனக்கு ஐடி குடுத்துட்டாங்க. லேடீஸ் ரைடர் எடுக்கிறாங்களாம். சேஷகிரி அண்ணன்தான் சொன்னாரு. ஃபோன்ல இதை எப்படி ஓட்றதுன்னு நீங்க காட்டணும்."

தியோடர் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டான். "விஜி, வேணாம்மா. அவனை இப்படி ஆக்கினது இந்தக் கம்பெனிதானே. அங்கயே நீ போய்..."

"கார்மெண்ட்ஸ்ல ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டேன்னு நிறுத்திட்டாங்கண்ணா. அவரைப் பாத்துக்கணும், நடுநடுல வீட்டுக்கு வரணும். வேற எதுல அப்படி வுடுவாங்க? நீங்களே சொல்லுங்க, நான் போறேன்."

அவன் யோசித்தான். பீன்யா தொழிற்சாலைகளை யோசித்தான், வீட்டு வேலையை யோசித்தான், கிளினிக்கை யோசித்தான். எதிலும் நடுநடுவே வீட்டுக்கு விடமாட்டார்கள். அவள் காத்திருந்தாள். அவள் சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே ஏதாவது சொல்வான் என்றுதான் காத்திருந்தாள்.

"நான் போகலன்னா மட்டும் அது மூடிடுமாண்ணா?" என்றாள் கடைசியில்.

தியோடர் அவள் ஃபோனை வாங்கினான். எங்கே தொட வேண்டும், மேப்பை எப்படிப் பெரிதாக்குவது, மழை நாளில் எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும், எல்லாம் காட்டினான். ஆர்டர் கொடுத்து முடித்ததும் உடனே முடிந்தது என்று அழுத்தாதே, கம்பெனி சந்தேகப்படாத அளவுக்கு இழு, திரும்பி வரும் வழி கொஞ்சமாவது இன்ஷூரன்ஸ் கணக்கில் சேரும் என்றான். பிறகு, "உனக்குத் தனியா ஏதாவது மெசேஜ் வந்தா, மொதல்ல பக்கத்தில இருக்கிறவங்களுக்கு ஃபோன் போட்டுக் கேளு விஜி. எது வந்தாலும். மறக்காதே" என்றான். அவள் சரி என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை, அவளுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவளிடமிருந்து ஃபோன் வந்தது. பின்னால் வண்டிகளின் ஹாரன். அவனும் போய்ப் பழகிய ஓர் அபார்ட்மெண்ட் வாசலிலிருந்து பேசினாள். "அண்ணா, வாட்ச்மேன் இந்த லிஃப்ட்ல ஏற வுட மாட்றான். பின்னாடி குப்பை போற லிஃப்ட் ஒண்ணு இருக்குதாம், அதுல போங்கறான். ஏன்ணா அப்படி? டைம் ஓடிகினே இருக்குது."

அந்த ஏனுக்குப் பதில் சொல்லத் தியோடர் வாயைத் திறந்தான். "பின் பக்கம் சுத்திப் போம்மா" என்றான். "இடது பக்கம் திரும்பினா ஒரு இரும்புக் கதவு இருக்கும். சீக்கிரம் போ."

ஜனவரியில் அவனுக்குப் பீன்யாவில் ஒரு பேக்கிங் யூனிட்டில் வேலை கிடைத்தது. விடியும் முன் கிளம்பிப் பஸ்ஸும் மெட்ரோவுமாகப் போய் வருகிறான். விஜி இன்னும் ஓட்டுகிறாள். ரவி வீட்டில் இருக்கிறான், செயற்கைக் கால் வைப்பதற்கு ஏதோ ஒரு டிரஸ்டில் பெயர் கொடுத்திருக்கிறார்கள், கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறான். தியோடர் மாதத்தில் ஒரு ஞாயிறு அவனைப் பார்க்கப் போகிறான். இருவரும் கிரிக்கெட் பார்க்கிறார்கள். பெரும்பாலும் பேசுவதில்லை. போன முறை கிளம்பும்போது ரவி, "சார், உங்களத் திட்டச் சொன்னீங்களே, ஒரு நாள் நெசமாவே கோவம் வந்துது" என்றான். "ராத்திரியெல்லாம் திட்டினேன். விஜிதான் தூங்க வுடலன்னு சத்தம் போட்டா."

தியோடர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன திட்டினே?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் உள்ளே வந்து உட்கார்ந்தான்.